வெள்ளிக்கிழமை ஃபிகாவுக்கு ஸ்வீடன் குக்கீகள்: எதிலிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி இது: "ஸ்வீடனுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை ஃபிகாவுக்கு, அதாவது காபி இடைவேளைக்கு, வாரம் ஒருவர் தின்பண்டம் கொண்டுவர வேண்டும். அடுத்த மாதம் என் முறை. கடையில் வாங்காமல், இந்த ஊர்ப் பழைய குக்கீகளை வீட்டில் செய்து எடுத்துப்போக ஆசை. முட்டை சேர்ப்பதில்லை. போன வாரம் ட்ரொம்மார் செய்து பார்த்தேன். ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தகடாகப் பரவிவிட்டது. மூக்கைத் துளைக்கும் வாடை வேறு. எங்கே தப்பு? எதிலிருந்து ஆரம்பிப்பது?"

முட்டையைப் பற்றிக் கவலையே வேண்டாம். இந்த ஊரின் பழைய குக்கீகளில் பெயர்பெற்ற பல வகைகளுக்கு முட்டை கிடையாது. நீங்கள் செய்த ட்ரொம்மார், ராஸ்பெரி ஜாம் வைத்த ஹலோன்க்ரொத்தோர், கேரமல் மணக்கும் கோலாகாகோர், மூன்றும் அசல் செய்முறையிலேயே முட்டை இல்லாதவை. 'எக்லெஸ்' என்று தேடி, யாரோ வாழைப்பழமும் தயிரும் போட்டு மாற்றிய செய்முறையில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

தப்பு நடந்தது ஆரம்பித்த இடத்தில்தான். நீச்சல் பழக வந்தவரை நேராக நடுக்கிணற்றில் இறக்கிய மாதிரி, ட்ரொம்மாரில் கை வைத்துவிட்டீர்கள். பார்க்க ரொம்பச் சாது. செய்யும்போதுதான் அதன் குணம் தெரியும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இந்த ஊரில் 'ஷூ சொர்ட்டர்ஸ் காகோர்' என்று ஒரு பேச்சு உண்டு. ஏழு வகைக் குக்கீ என்று அர்த்தம். (அந்த முதல் எழுத்தை மெழுகுவத்தியை ஊதி அணைப்பது போல உச்சரிப்பார்கள். வந்து பதினாலு வருஷமாகியும் எனக்கு அது வாயில் நுழையவில்லை.) காகா என்றால் ஒன்று, காகோர் என்றால் பல. என் பையன் பாலர் பள்ளிக்குப் போன முதல் வாரம், "அங்கே காக்கா தர்றாங்கப்பா" என்று கண் விரியச் சொன்னான்.

இந்த ஏழு எங்கிருந்து வந்தது? 19ஆம் நூற்றாண்டில் கொஞ்சம் வசதியான வீட்டுப் பெண்கள் மதியவேளையில் ஒருவர் வீட்டில் கூடிக் காபி குடிக்கும் வழக்கம் பரவியது. அதற்குக் காஃபெரேப் என்று பெயர். காலப்போக்கில் மேசையில் ஏழு வகைக் குக்கீ இருப்பதுதான் மரியாதை என்று ஆகிவிட்டது. குறைந்தால் கஞ்சத்தனம், கூடினால் பகட்டு. சீர்ப் பலகாரத் தட்டை ஓரக்கண்ணால் எண்ணும் நம்மூர் மாமிகளை அந்த மேசையைச் சுற்றி உட்கார வைத்துப் பாருங்கள், கச்சிதமாகப் பொருந்தும். சாப்பிடுவதிலும் ஒரு வரிசை இருந்தது: முதலில் ஏலக்காய் போட்ட இனிப்பு பன், அப்புறம் மெத்தென்ற கேக், அப்புறம் சின்னக் குக்கீகள், கடைசியில் க்ரீம் பூசிய 'தோர்த்தா' என்னும் பெரிய கேக். வீட்டுச் சமையலறைக்கு ஓவனோடு கூடிய இரும்பு அடுப்பு வந்ததும், பீட் கிழங்குச் சர்க்கரை மலிவானதும்தான் இவ்வளவையும் வீட்டிலேயே செய்ய வழிவிட்டன. 1945இல் இதே பெயரில் வந்த ஒரு சமையல் புத்தகம் இன்றும் புதுப்புதுப் பதிப்புகளாக விற்கிறது. பழைய வீடுகளில் அதன் வெண்ணெய்க் கறை படிந்த பிரதியை நானே பார்த்திருக்கிறேன்.

ஏழு வகை என்றதும் ஏழு மாவு பிசைய வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். எங்கள் குடியிருப்பின் மேல்மாடியில் இருந்த ஒரு பாட்டிதான் அந்த மூட்டத்தைக் கலைத்தார். 1960களின் கடைசியிலிருந்து இந்த நாட்டில் எல்லோரும் எல்லோரையும் 'நீ' என்றுதான் கூப்பிடுகிறார்கள், அதுவும் பேர் சொல்லி. எண்பது வயதுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. கடைசிவரை கூப்பிடாமலே சமாளித்தேன். ஒரு சனிக்கிழமை அவர் சமையலறையில் நின்று பார்த்தபோது, ஒரே கிண்ணத்தில் ஒரே மாவைத்தான் அவர் பிசைந்தார். அதை நாலாகப் பிரித்தார். ஒரு பங்கில் கோகோவைத் தூவினார், ஒன்றைக் கயிறாக உருட்டினார், ஒன்றை உருண்டையாக்கிக் கட்டைவிரலால் குழித்தார், ஒன்றை உருளையாக்கிச் சர்க்கரையில் புரட்டினார். ஒன்றரை மணி நேரத்தில் நாலு தட்டு, நாலு பெயர், நாலு ருசி.

அந்த மாவுக்கு இங்கே ஒன்று-இரண்டு-மூன்று என்றே பெயர். எடைக்கு எடை, சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மைதா மூன்று பங்கு. அதாவது 100 கிராம், 200 கிராம், 300 கிராம். உங்கள் வெள்ளிக்கிழமைக்கு இது ஒன்றே போதும். சுமார் 40 குக்கீ வரும்.

செய்வதற்கு முன் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கத்திய செய்முறைகள் எல்லாம் டெசிலிட்டரில்தான் எழுதியிருக்கும். ஒரு டெசிலிட்டர் என்பது 100 மில்லி. நாம் இணையத்தில் பார்த்துப் பழகிய 'கப்' சுமார் 250 மில்லி. இரண்டையும் கலந்தால் தீர்ந்தது கதை. கடையில் ஒரு வளையத்தில் கோத்த நாலு கரண்டி கிடைக்கும்: ஒரு டெசிலிட்டர், 15 மில்லி, 5 மில்லி, ஒரு மில்லி. வாங்கிவிடுங்கள். அதோடு ஒரு சமையலறைத் தராசும் வாங்கிவிட்டால் இன்னும் உத்தமம். ஒரு டெசிலிட்டர் மைதா சுமார் 60 கிராம், சர்க்கரை 85 முதல் 90 கிராம். ஆனால் மைதாவைக் கரண்டியால் அமுக்கி அள்ளினால் 70க்கும் மேலே போகும், மெதுவாகக் கொட்டினால் 55தான் வரும். நாலைந்து டெசிலிட்டர் அளக்கும்போது இந்தச் சின்ன வித்தியாசமே மாவின் தலையெழுத்தை மாற்றிவிடும். அதனால் நான் கீழே எல்லாவற்றையும் கிராமில்தான் சொல்கிறேன்.

மாவு பொட்டலத்தில் 'வேத்தெம்யோல்' என்று மட்டும் இருப்பதை எடுங்கள், அதுதான் நம் மைதாவுக்கு நெருக்கம். அதே பெயரோடு 'ஸ்பெஷல்' என்று ஒட்டிக்கொண்டு வருவதில் புரதம் அதிகம், ரொட்டிக்கு உகந்தது. குக்கீக்குப் போட்டால் கடிக்கக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

வெண்ணெய்தான் இதில் எஜமானன். 'ஸ்மோர்' என்று எழுதியிருக்கும் காகிதப் பொட்டலம்தான் வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, வெண்ணெய் என்ற பெயரில் விற்பதில் குறைந்தது 80 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே ரொட்டியில் தடவுவதற்கென்று, எண்ணெய் கலந்து, டப்பாவில் ஒன்று இருக்கும். நான் வந்த புதிதில் அதை வெண்ணெய் என்று நினைத்து வாங்கி வந்து குக்கீ செய்தேன். ஓவனுக்குள் போனது 24 உருண்டை, வெளியே வந்தது ஒரு தோசை. உப்பு போட்ட சாதாரண வெண்ணெயே போதும், தனியாக உப்பு சேர்க்காதீர்கள். நெய்யும் சரிப்படாது. வெண்ணெயில் இருக்கும் அந்தக் கொஞ்சம் தண்ணீரும் பால் சத்தும் நெய்யில் இல்லாததால் குக்கீ மணல் மாதிரி உதிரும். ருசியும் நான்கட்டாய்ப் பக்கம் போய்விடும். அது கெட்ட ருசி இல்லை, ஆனால் நீங்கள் கேட்டது இந்த ஊர்க் குக்கீயை.

'அறைச் சூட்டு வெண்ணெய்' என்று செய்முறை சொன்னால், அது இந்த ஊர் அறை. 20 டிகிரி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்தால் இளக ஒன்றரை மணி நேரம் ஆகும். பொறுமை போய் மைக்ரோவேவில் வைத்தீர்களோ, ஓரம் உருகி நடுவில் கல்லாக நிற்கும். போன வாரம் நீங்கள் அதைத்தான் செய்திருப்பீர்கள் என்பது என் ஊகம். அவசரமென்றால் வெண்ணெயைச் சின்னத் துண்டுகளாக வெட்டித் தட்டில் பரப்பிவிடுங்கள், இருபது நிமிடத்தில் வழிக்கு வரும். பதம் பார்ப்பது இப்படி: விரலால் அழுத்தினால் தடையில்லாமல் குழி விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய்ப் பளபளப்பு ஒட்டக் கூடாது. ஒட்டினால் கொஞ்ச நேரம் ஜன்னலோரம் வையுங்கள். டிசம்பரில் பால்கனியே ஃப்ரிட்ஜ்தான்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து மரக்கரண்டியால் நன்றாகக் குழைத்து, மைதாவைப் போட்டு, ஒன்றுசேரும் வரை மட்டும் கையால் கூட்டுங்கள். இங்கேதான் நம் கை நம்மைக் காட்டிக்கொடுக்கும். சப்பாத்திக்கு அடித்துப் பிசைந்து பழகிய கை இது, மாவு திரண்ட பிறகும் நிறுத்தாது. பிசையப் பிசைய மைதாவின் பசை இழுத்துக்கொண்டு குக்கீ விறைப்பாகிவிடும். கிண்ணத்தில் உலர்ந்த மாவு தெரியாத நொடியில் கையை எடுத்துவிடுங்கள். முறுக்கு மாவைவிடக் கொஞ்சம் மெத்தென்று, கையில் ஒட்டாமல் இருந்தால் சரியான பதம். மூடி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் உருட்டச் சுலபம்.

இதிலிருந்து முதலில் செய்ய வேண்டியது ஹலோன்க்ரொத்தோர். 'ராஸ்பெரிக் குகைகள்' என்று பெயர். இதற்கு மட்டும் மைதாவோடு ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் இரண்டு டீஸ்பூன் வெனிலா சர்க்கரையும் சேருங்கள். பெரிய நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, சின்னக் காகிதக் கிண்ணங்களில் வைத்து, கட்டைவிரலால் நடுவில் ஆழமாகக் குழியுங்கள். அடியைத் தொட்டுவிடக் கூடாது, தொட்டால் ஜாம் கீழே இறங்கிக் காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும். ஜாம் எவ்வளவு? பார்த்தால் 'இவ்வளவுதானா' என்று தோன்றுகிற அளவு, கால் டீஸ்பூன். இங்கே 'சில்த்' என்று விற்கும் ஜாம் தளதளவென்று நீர்த்திருக்கும். அதைச் சின்னப் பாத்திரத்தில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து இறுக்கி, ஆறவிட்டு வையுங்கள். நீர்த்த ஜாமை நிறைய வைத்தால் ஓவனில் பொங்கி வழிந்து, எரிமலை போல ஓரமெல்லாம் கருகும். 200 டிகிரி, 10 முதல் 12 நிமிடம். ஓரம் லேசாகப் பொன்னிறமானதும் எடுத்துவிடுங்கள். சூட்டோடு தொடாதீர்கள். ஆறும்வரை அது குக்கீயாகவே ஆகியிருக்காது. சூடான ஜாம் நாக்கில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது ஃபின்ஸ்கா பின்னார். ஃபின்லாந்துக் குச்சிகள் என்று பெயர். பெங்களூர் கத்திரிக்காய் மாதிரி, பேரில் மட்டும் வெளியூர். இதே மாவில் சர்க்கரையை 70 கிராமாகக் குறைத்து, இரண்டு மூன்று சொட்டு கசப்பு பாதாம் எசன்ஸ் விடுங்கள். விரல் தடிமனுக்குக் கயிறுகளாக உருட்டி, எல்லாவற்றையும் நெருக்கமாகப் பக்கம் பக்கமாக அடுக்கி, ஒரே தடவையில் மேலே பால் தடவி, நறுக்கிய பாதாமையும் முத்துச் சர்க்கரையையும் (ஓவனிலும் கரையாத சின்ன வெள்ளைச் சர்க்கரைக் கட்டிகள்) தூவி, அப்புறம் 5 செ.மீ. துண்டுகளாக வெட்டித் தனித்தனியே ட்ரேயில் வையுங்கள். ஒவ்வொரு குச்சியாகத் தடவிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். வழக்கமாக இதற்கு முட்டை வெள்ளைக்கருவைத் தடவுவார்கள். பாலில் அவ்வளவு ஒட்டாது, அதனால் தூவியதைக் கையால் லேசாக அழுத்திவிடுங்கள். 175 டிகிரி, 12 முதல் 15 நிமிடம். முழுக் கசப்பு பாதாம் துருவிப் போடச் சொல்லும் பழைய செய்முறையும் உண்டு. கசப்பு பாதாமில் சயனைடை வெளியிடும் பொருள் இருக்கிறது. குக்கீக்கு ஒன்றிரண்டு போடுவது வேறு, சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் அந்தப் பொட்டலத்தைத் திறந்து வைப்பது வேறு. எசன்ஸே போதும்.

கோகோ போட்ட பங்கையும் வெள்ளைப் பங்கையும் சதுரப் பட்டைகளாக்கி, இரண்டுக்கு இரண்டாக மாற்றி மாற்றி அடுக்கிக் குளிரவைத்து, அரை செ.மீ. கனத்தில் வெட்டினால் சதுரங்கப் பலகை மாதிரி ஷாக்ரூத்தோர். உருளையாக்கி, வண்ணச் சர்க்கரையில் புரட்டி வெட்டினால் பிரஸ்ஸெல்கெக்ஸ். இரண்டையும் இந்தத் தடவை விட்டுவிடலாம். வெட்டும்போது கட்டம் கோணினால் மனசு சங்கடப்படும், ருசியில் ஒரு வித்தியாசமும் இல்லை.

ஒன்று-இரண்டு-மூன்றுக்கு வெளியே ஒன்று செய்யலாம் என்றால், என் ஓட்டு கோலாகாகோருக்கு. கேரமல் குக்கீ. இதைச் சொதப்புவது கஷ்டம். 100 கிராம் வெண்ணெய், 90 கிராம் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி வெளிர் சிரப், ஒரு டீஸ்பூன் வெனிலா சர்க்கரை, 150 கிராம் மைதா, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. இங்கே சோடாவுக்கு 'பிகார்போனாத்', பேக்கிங் பவுடருக்கு 'பாக்புல்வெர்'. இரண்டும் ஒரே அலமாரியில் ஒரே அளவு டப்பாவில் இருக்கும், பார்த்து எடுங்கள். சிரப் என்பது பீட் சர்க்கரையிலிருந்து வரும் பொன்னிறப் பாகு, தேன் மாதிரி ஊற்றலாம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி, நாலு நீளக் கயிறாக உருட்டி, காகிதம் விரித்த ட்ரேயில் இடம்விட்டு வைத்து, விரலால் தட்டையாக்குங்கள். ஒரு ட்ரேக்கு இரண்டு கயிறுக்கு மேல் வேண்டாம், நன்றாகப் பரவும். இங்கே பரவுவது தப்பில்லை, அதற்குத்தான் சோடாவும் சிரப்பும்.

175 டிகிரியில் 12 நிமிடம் கழித்துப் பாருங்கள். நீளமான தேன் நிறப் பட்டைகளாகி, மேலே சின்னச் சின்னக் குமிழ் எழும்பியிருக்கும். வெளியே எடுத்ததும் கெட்டியாக இல்லையே என்று மறுபடி உள்ளே தள்ளிவிடாதீர்கள். இரண்டு நிமிடம் அப்படியே ட்ரேயில் விட்டு, பிறகு கத்தியால் சாய்வாக, இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிக்கொண்டே போங்கள். நம் வீட்டில் பர்பிக்குத் துண்டு போடும் அதே நேரக் கணக்கு: சீக்கிரம் போட்டால் கத்தியோடு இழுபடும், தாமதித்தால் நொறுங்கும். ஆறிய பிறகு வெளியே கரகரப்பு, உள்ளே லேசான இழுவை.

சரி, இனி ட்ரொம்மார். 'கனவுகள்' என்று அர்த்தம். வாயில் போட்டால் கடிக்க வேண்டியதே இல்லை, கரைந்துவிடும். அந்தக் கரைசலுக்கு இரண்டு காரணம். ஒன்று, வெண்ணெயோடு எண்ணெயும் சேர்வது. இன்னொன்று, ஹ்யோர்ட்ஹோன்ஸால்த். மான்கொம்பு உப்பு என்று பெயர். ஒரு காலத்தில் உண்மையாகவே மான் கொம்பைக் காய்ச்சி வடித்து எடுத்தார்கள். இப்போது ஆலையில் செய்யும் அம்மோனியம் பைகார்பனேட். இது நமக்குப் புதிதும் இல்லை. இந்தியாவில் பிஸ்கட் பொட்டலத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் 503(ii) என்று ஓர் எண் இருக்குமே, அது இதுதான். சின்ன வயதிலிருந்து தின்றுகொண்டிருக்கிறோம்.

இந்த உப்பு சூடு பட்டதும் முழுக்க வாயுவாகிப் போய்விடும்: கார்பன் டை ஆக்சைடு, அம்மோனியா, நீராவி. சோடாவைப் போல அடியில் ஒரு கசப்பை விட்டுவைக்காது. வாயு போன இடமெல்லாம் நுண்ணிய ஓட்டைகளாக நிற்கும், அதனால்தான் அந்த மொறுமொறு. ஆனால் அம்மோனியாவுக்குத் தண்ணீர் என்றால் உயிர். குக்கீயில் ஈரம் மிச்சமிருந்தால் அதிலேயே தங்கிவிடும். கேக் மாதிரி கனமான, ஈரமான பண்டத்துக்கு இதைப் போடாததும், ட்ரொம்மாரைக் குறைந்த சூட்டில் நெடுநேரம் உலர்த்தி எடுப்பதும் இதனால்தான். உங்களுக்கு வந்த வாடைக்கு மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும்: உருண்டை பெரிதாகிவிட்டது, நேரத்துக்கு முன்பே எடுத்துவிட்டீர்கள், அல்லது சூடாறும் முன்பே டப்பாவில் போட்டு மூடிவிட்டீர்கள். ஓவனில் இருக்கும்போது வாடை வருவது இயல்பு. மேல்மாடிப் பாட்டி ட்ரொம்மார் போட்ட அன்று ஓவன் கதவைத் திறக்கும்போது ஒரு அடி பின்னால் போய் முகத்தைத் திருப்பிக்கொள்வார், குனிந்து எட்டிப் பார்த்த என்னையும் தோளைப் பிடித்து இழுத்தார். அன்று கண்ணில் தண்ணீர் வந்ததுதான் எனக்கு முதல் பாடம். ஆறிய குக்கீயில் மட்டும் வாடை இருக்கவே கூடாது. பச்சை மாவை ருசி பார்க்கவும் கூடாது.

அளவு: 100 கிராம் வெண்ணெய், 220 கிராம் சர்க்கரை, ஒரு டெசிலிட்டர் எண்ணெய் (இங்கே கிடைக்கும் வாசனையற்ற ராப்ஸ் எண்ணெய், அதாவது கனோலா), இரண்டு டீஸ்பூன் வெனிலா சர்க்கரை, 240 கிராம் மைதா, ஒரு டீஸ்பூன் மான்கொம்பு உப்பு, தலைதட்டி. வெண்ணெயும் சர்க்கரையும் வெளுத்து நுரைக்கும் வரை அடியுங்கள், மிக்ஸர் இருந்தால் ஐந்து நிமிடம். எண்ணெயை நூல் மாதிரி விட்டுக்கொண்டே அடியுங்கள். உப்பில் கட்டி இருந்தால் நசுக்கி, மைதாவோடு கலந்து சேருங்கள். மாவு திரண்டு வராது, ஈர மணல் மாதிரி உதிரும். பயந்து தண்ணீரோ பாலோ விடாதீர்கள். கையில் எடுத்து இறுக்கிப் பிடித்தால் உருண்டையாகும், பயத்தம் உருண்டை பிடிப்பது போலத்தான். 15 கிராமுக்கு மேல் போகாமல் சுமார் 45 உருண்டை. தட்டையாக்க வேண்டாம். 150 டிகிரி, 20 முதல் 25 நிமிடம். நிறம் மாறக் காத்திருந்தால் தீய்ந்துவிடும். வெளுத்தே இருக்கும், மேலே வெடிப்பு விட்டிருக்கும், அதுதான் அடையாளம்.

இப்போது அளவைப் பாருங்கள், சர்க்கரை கிட்டத்தட்ட மைதாவின் எடைக்கே இருக்கிறது. வெண்ணெய் உருகியிருந்தாலோ, எண்ணெய் கொஞ்சம் கூடினாலோ, மைதா கொஞ்சம் குறைந்தாலோ பரவத்தான் செய்யும். இனிமேல் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: முழு ட்ரேயும் போடும் முன் ஒரே ஒரு உருண்டையைச் சுட்டுப் பாருங்கள். பரவினால் மிச்ச மாவில் இரண்டு மேசைக்கரண்டி மைதா சேர்க்கலாம். மான்கொம்பு உப்பு கிடைக்கவில்லையென்றால் அதே அளவு பேக்கிங் பவுடர் போடலாம்தான். நல்ல குக்கீ வரும், கனவு வராது. வாங்கிய டப்பாவை இறுக்கி மூடி வையுங்கள், திறந்து கிடந்தால் உப்பு தானாகவே ஆவியாகிக் குறைந்துகொண்டே போகும்.

ஓவன் குமிழில் மேலும் கீழும் ஒவ்வொரு கோடு போட்ட படம், விசிறி போட்ட படம் என்று இரண்டு இருக்கும். நான் சொன்ன சூடெல்லாம் கோடு போட்டதற்கு. விசிறியில் வைத்தால் 20 டிகிரி குறையுங்கள். நடுத்தட்டில், ஒரு தடவைக்கு ஒரு ட்ரே. ஓவன் உண்மையிலேயே சூடேறிய பிறகு வையுங்கள். இளஞ்சூட்டில் வெண்ணெய் முதலில் உருகி ஓடிவிடும், மாவு பிற்பாடுதான் இறுகும்.

பெப்பர்காகோர் என்ற கிறிஸ்துமஸ் மசாலா குக்கீயைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் டிசம்பர் வந்தால் கேட்பீர்கள். பேரில் மிளகு இருந்தாலும் இப்போது போடுவது இஞ்சிப் பொடி, பட்டை, கிராம்பு, ஏலக்காய்தான். மாவை ஒரு இரவு ஊறவைத்து, காகிதம் போல மெல்லிசாகத் தேய்க்க வேண்டும். அப்பளம் இட்ட கைக்கு அது ஒன்றுமே இல்லை. இந்த ஊர்க்காரர்களே பாதிப் பேர் கடையில் விற்கும் மாவை வாங்கித் தேய்த்துக்கொள்கிறார்கள், அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. உள்ளங்கையில் வைத்து விரல் முட்டியால் தட்டி, மூன்று துண்டாக உடைந்தால் நினைத்தது நடக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. டிசம்பர் 13, லூசியா என்னும் ஒளித் திருநாளன்று அலுவலகத்தில் எல்லோரும் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்ப்பீர்கள்.

உங்கள் வாரத்துக்கு என் யோசனை: புதன் இரவு ஒன்று-இரண்டு-மூன்று மாவைக் கூட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள். வியாழன் மாலை வெளியே எடுத்துக் கால் மணி நேரம் இளகவிட்டு, பாதியை ஜாம் குகையாகவும் பாதியைக் குச்சியாகவும் போடுங்கள். பேக்கிங் பவுடரைப் புதனன்று முழு மாவிலும் சேர்க்காமல், குகைக்கான பாதியில் மட்டும் அரை டீஸ்பூன், மாவுத் தூளோடு கலந்து தூவிப் பிசிறிக்கொள்ளலாம். குச்சிக்குச் சர்க்கரையைக் குறைக்க முடியாமல் போகும், பரவாயில்லை, மேலே தூவும் முத்துச் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளுங்கள். அவை ஆறும் நேரத்தில் கோலாகாகோர் ஒரு ட்ரே. மூன்று வகை. ஏழு வேண்டாம், இன்றைக்கு ஏழு வைத்தால்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். ஜாம் வைத்ததை ஒரு டப்பாவிலும் மொறுமொறுப்பானதை இன்னொன்றிலும் வையுங்கள். சேர்த்து வைத்தால் ஜாமின் ஈரத்தில் எல்லாம் நமத்துப்போகும். மிஞ்சினால் ஃப்ரீசரில் போடலாம், கால் மணி நேரத்தில் மறுபடி உயிர் பெற்றுவிடும். ட்ரொம்மாரை ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜன்னலைத் திறந்துவைத்து, யாருக்கும் சொல்லாமல் மறுபடி செய்து பாருங்கள்.

டப்பாவின் மேல் ஒரு சின்னச் சீட்டு ஒட்டுங்கள்: மைதா, வெண்ணெய், பாதாம். ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் இருப்பார்கள், கேட்கச் சங்கடப்பட்டுச் சும்மா காபியோடு எழுந்துபோவார்கள். இரண்டாவது கோப்பை காபிக்குப் 'போத்தோர்' என்று பேர். அது சுற்றில் வரும்போது யாராவது ஒருவர் செய்முறை கேட்பார். கிராமில் சொன்னால் முழிப்பார்கள், டெசிலிட்டரில் எழுதிக் கொடுங்கள்: சர்க்கரை ஒன்றேகால் டெசிலிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக, மைதா ஐந்து, வெண்ணெய் 200 கிராம். வெண்ணெயை மட்டும் அவர்களும் கிராமில்தான் கேட்பார்கள், பொட்டலத்துக் காகிதத்திலேயே ஐம்பது ஐம்பதாகக் கோடு போட்டிருக்கும்.